கழகத்தின் பெயரை அனுசரணைக்குக் கொடுக்கும் முன்

திருகோணமலை மாவட்டத்தில் ஒரு விளையாட்டுக் கழகம் சுற்றுப்போட்டி வைப்பதென்றால் வேலை பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகிறது. முதலில் திகதி குறிப்பார்கள். பரிசுத்தொகையை முகநூலில் அறிவிப்பார்கள். அதற்குப் பிறகுதான் அனுசரணை (ஸ்பொன்சர்) தேடிக் கடை கடையாக ஏறுவார்கள். கடைக்காரரும் தெரிந்த மனிதர், முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார். "பேரைப் போடுங்கோ தம்பி, பாத்துச் செய்வம்" என்பார். எவ்வளவு, எப்போது, எதற்காக என்று எங்கும் எழுதப்படுவதில்லை. இறுதியாட்டம் முடிந்த இரவு பரிசுப்பணத்துக்குத் தலைவரின் கைக்காசு போயிருக்கும். அடுத்த பொதுக்கூட்டத்தில் அதுவே சண்டையாகி, கழகம் இரண்டாகப் பிரியும்.

அனுசரணை ஒரு விற்பனை. கழகத்திடம் விற்க நிறைய இருக்கிறது: போட்டியின் பெயர், சீருடையின் நெஞ்சுப் பக்கம், மைதானத்தின் நான்கு ஓரம், ஒலிபெருக்கியில் சொல்லப்படும் பெயர், நேரலையில் கமெரா பார்க்கும் மூலை. இவை தலைவருக்கோ செயலாளருக்கோ சொந்தமானவை அல்ல. அங்கத்தவர்கள் எல்லோருக்கும் உரிய சொத்து. விற்பவர் விலையும் நிபந்தனையும் சொல்லித்தான் விற்க வேண்டும்.

விலை சொல்லச் செலவு தெரிய வேண்டும். 16 அணிகள் ஆடும், தோற்ற அணி வெளியேறும் விலகல் முறை மென்பந்து கிரிக்கெட் போட்டியை உதாரணமாக எடுப்போம். 16 அணி என்றால் 15 ஆட்டம், மூன்று நாள். பரிசு முதலிடத்துக்கு 100,000 ரூபாய், இரண்டாமிடத்துக்கு 50,000. நடுவர்கள் ஆட்டத்துக்கு இருவர், ஆளுக்கு 1,500 வீதம் 45,000. ஆட்டத்துக்கு நான்கு பந்து, ஒன்று 600 என்றால் 36,000. ஒலிபெருக்கி மூன்று நாளுக்கு 45,000. கிண்ணங்களும் பதக்கங்களும் 40,000. மைதானக் கட்டணமும் துப்புரவும் 20,000. சாப்பாடு, தண்ணீர் 30,000. பதாகை, அச்சு வேலை 24,000. கூட்டினால் 390,000. அணிக்கு 5,000 வீதம் நுழைவுக் கட்டணமாக 80,000 வரும். குறைவது 310,000. மழையால் ஒரு நாள் கூடினால் தாங்குவதற்குச் செலவில் பத்து வீதத்தைச் சேர்த்துக்கொண்டால் தேட வேண்டியது ஏறத்தாழ 350,000 ரூபாய். உங்கள் ஊர் விலைகளைப் போட்டு இந்தக் கணக்கை ஒரு தாளில் செய்து, நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வாசித்து, கூட்டறிக்கையில் பதிந்த பிறகே வெளியில் வாய் திறக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் பரிசுப்பணம் மட்டும் மொத்தச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஆகிறது. அதற்கு மேல் போவது ஆபத்து. பக்கத்து ஊர்க் கழகம் ஒரு இலட்சம் கொடுத்தது, நாங்கள் இரண்டு கொடுப்போம் என்ற போட்டியில்தான் பல கழகங்கள் கடனாளியாகின்றன. அணிகள் நல்ல ஆடுகளத்துக்கும் நேர்மையான நடுவருக்கும் வரும். பணத்துக்காக மட்டும் வரும் அணி வெளியூர் ஆட்டக்காரரைக் கூலிக்குக் கொண்டுவரும். அதனால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

350,000 ரூபாயையும் ஒருவரிடம் கேட்பதை விடப் பங்கு போடுவது பாதுகாப்பு. பெயர் அனுசரணை 175,000, இணை அனுசரணை இரண்டு 60,000 வீதம், எல்லைக்கோட்டுப் பதாகை ஐந்து 11,000 வீதம். ஒருவர் கடைசி நேரத்தில் பின்வாங்கினாலும் போட்டி நடக்கும். ஒரே வகை வியாபாரத்தில் ஒருவருக்கு மட்டும் இடம் என்ற விதியை முதலே சொல்லிவிடுங்கள். இரண்டு கைபேசிக் கடைகளின் பதாகைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இருவருமே அடுத்த வருடம் வர மாட்டார்கள்.

புலம்பெயர் உறவுகள் தரும் ஞாபகார்த்தக் கிண்ணம் இங்கே தனிச் சிக்கல். தகப்பனின் பெயரில் கிண்ணம் தருபவர் அந்தப் பெயர்தான் போட்டிக்கும் என்று நினைப்பார். பெயர் அனுசரணை தரும் நிறுவனமும் அதையே நினைக்கும். கிண்ணத்துக்கு ஞாபகார்த்தப் பெயர், சுற்றுப்போட்டிக்கு நிறுவனத்தின் பெயர் என்று இருவருக்கும் எழுத்தில் முன்கூட்டியே அறிவித்தால் மனஸ்தாபம் வராது. சுழற்கிண்ணமாக இருந்தால் அது யாருடையது, வென்ற அணி எந்தத் திகதிக்குள் திருப்பித் தர வேண்டும், உடைந்தால் யார் திருத்துவது என்பதையும் அதே கடிதத்தில் சேருங்கள்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். சட்டத்தரணி எழுதித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் இத்தனையும் இருக்க வேண்டும்: இரு தரப்பின் பெயரும் முகவரியும், தொகை, அதைத் தரும் திகதிகள், என்னென்ன இடத்தில், என்ன அளவில் பெயர் வரும் என்பது, போட்டி மழையால் தள்ளிப்போனால் பணம் என்னாகும் என்பது, எத்தனை வருடத்துக்கு என்பது. கடைசியாகச் சொன்னதை எல்லோரும் மறக்கிறார்கள். வருடம் குறிப்பிடாமல் சீருடையை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, மறுவருடம் வேறு ஆளிடம் போனால் "அது எங்கட கழகம்" என்று பழையவர் உரிமை கொண்டாடுவார். பாதிப் பணம் கையெழுத்திடும்போது, 40 வீதம் தொடக்க நாளில், மிகுதி 10 வீதம் அறிக்கை கொடுத்த பின் என்று பிரித்தால் இரு பக்கமும் நியாயம். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒப்பமிட்டு, கழக முத்திரை குத்தி, இரண்டு பிரதி.

பணம் கழகத்தின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். பொருளாளரின் சொந்தக் கணக்குக்குக் காசோலை எழுத ஒழுங்கான நிறுவனம் எதுவும் சம்மதிக்காது. அதன் கணக்காய்வாளர் விட மாட்டார். கழகப் பெயரில் கணக்குத் திறக்கக் கழகத்தின் யாப்பு (விதிக்கோவை), பதிவுச் சான்றிதழ், நிர்வாகக் குழுத் தீர்மானம், ஒப்பமிடுவோரின் அடையாள அட்டைப் பிரதிகள் ஆகியவற்றை வங்கி கேட்கும். மூவரில் எந்த இருவரும் ஒப்பமிடலாம் என்று திறப்பதே நல்லது. இருவர் மட்டும் என்றால், ஒருவர் கட்டாருக்கு வேலைக்குப் போன அன்றே கணக்கு முடங்கும். அதை மாற்றப் பொதுக்கூட்ட அறிக்கை வேண்டும். பொதுக்கூட்டமோ நான்கு வருடமாகக் கூடியிருக்காது.

பதிவும் அப்படித்தான். கழகங்களைப் பதிவது 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ். பிரதேச செயலகத்தில் இருக்கும் விளையாட்டு உத்தியோகத்தர் வழியாக அது நடக்கும். பதிவு உயிரோடு இல்லாத கழகத்துக்குப் பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலோ (பாராளுமன்ற உறுப்பினர்கள் வழியாக ஒதுக்கப்படும் பணம்) மாகாண விளையாட்டுத் திணைக்களத்திலோ உபகரணம் கிடைப்பது கடினம். பதிவு எப்போது முடிகிறது என்று உத்தியோகத்தரிடம் கேட்டு, சான்றிதழின் முன்பக்கத்திலேயே குறித்து வையுங்கள். அரசின் நிதியாண்டு டிசம்பரில் முடிவதால் வருடக் கடைசியில் பொருள் வாங்கும் வேலை அவசரமாக நடக்கும். அந்த நேரத்தில் கோப்பு முழுதாக இருக்கும் கழகத்துக்கே கை நீளும்.

எவரிடம் வாங்கக் கூடாது என்பதிலும் தெளிவு வேண்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் அந்தப் பொருட்களின் விளம்பரத்தையும் விளையாட்டு அனுசரணையையும் தடுக்கிறது. சீருடையில் மதுபானச் சின்னம் போட்டுவிட்டு "ஊர்க் கழகம்தானே" என்று இருக்க முடியாது. நேரலையில் ஓடும் பந்தயச் செயலிகளின் விளம்பரங்கள் இன்னும் மோசம். பந்தயம் வந்த இடத்தில் ஆட்டத்தை விலைக்குக் கேட்டு வருவார்கள். 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க, விளையாட்டுக்கள் தொடர்பான தவறுகளைத் தடுத்தல் சட்டம் ஆட்ட நிர்ணயத்துக்கு (பணத்துக்காக ஆட்ட முடிவை முன்கூட்டியே தீர்மானிப்பதற்கு) பத்து வருடம் வரை சிறையும் 10 கோடி ரூபாய் வரை தண்டமும் விதிக்க இடமளிக்கிறது. 18 வயதுப் பிள்ளைக்கு இதை யாராவது சொல்லி வைத்திருக்க வேண்டும். அது கழகத்தின் கடமை. புரதச் சத்துமா டப்பாக்களை அனுசரணையாகத் தரும் கடைகளிடமும் கவனம் தேவை. தேசிய மட்டத்துக்குப் போகும் வீரரின் சிறுநீரில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால், டப்பாவில் எழுதியிருக்கவில்லை என்ற காரணம் அவரைக் காப்பாற்றாது.

உதைபந்தாட்டக் கழகங்கள் கைவிடும் பெரிய பணம் ஒன்று இருக்கிறது. ஒரு வீரரை ஒரு நாட்டுக் கழகத்திடமிருந்து இன்னொரு நாட்டுக் கழகம் பணம் கொடுத்து வாங்கினால், அந்தத் தொகையில் 5 வீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் போக வேண்டும் என்பது பீபாவின் விதி. 12 முதல் 15 வரையான பிறந்தநாள் வரும் ஒவ்வொரு பருவத்துக்கும் அந்த 5 வீதத்தில் இருபதில் ஒரு பங்கு, 16 முதல் 23 வரை ஒவ்வொரு பருவத்துக்கும் பத்தில் ஒரு பங்கு. கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு கழகம் ஒரு பையனை 13இலிருந்து 16 வரை வைத்திருந்தது என்று கொள்வோம். பின்னாளில் இரண்டு கோடி ரூபாய்க்கு அவர் இன்னொரு நாட்டுக் கழகத்துக்குப் போனால் 5 வீதம் பத்து இலட்சம். கழகத்துக்குரிய கால்வாசி 250,000 ரூபாய். மேலே சொன்ன பெயர் அனுசரணையை விட அது கூட. 2022 நவம்பரில் தொடங்கிய பீபாவின் தீர்வகம் (Clearing House) வீரரின் மின்னணுக் கடவுச்சீட்டை, அதாவது அவர் எந்தெந்தக் கழகத்தில் பதிந்திருந்தார் என்ற பதிவேட்டைப் பார்த்துப் பணத்தைப் பிரிக்கிறது. அதில் உங்கள் கழகத்தின் பெயர் இருக்க, அந்தந்தப் பருவத்தில் பையன் லீக் (உள்ளூர்க் கழகங்களின் சங்கம்) வழியாக இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் உங்கள் கழக வீரராகப் பதியப்பட்டிருக்க வேண்டும். பயிற்சிக்கு வந்தார், ஆடினார் என்று ஊரே சாட்சி சொன்னாலும் பதிவில்லாமல் உரிமை நாட்டுவது மிகக் கடினம். பிறப்பத்தாட்சிப் பத்திரப் பிரதியும் புகைப்படமும் வாங்கி 12 வயதிலேயே பதிந்துவிடுங்கள்.

கொழும்பில் நடக்கும் நிர்வாகச் சண்டை நமக்கென்ன என்ற எண்ணமும் மாற வேண்டும். 2023 ஜனவரி 21 அன்று இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தைப் பீபா இடைநிறுத்தி, ஓகஸ்ட் கடைசியில்தான் தடையை நீக்கியது. அந்த மாதங்களில் சம்மேளனமும் அதன் அங்கத்தவர்களும் பீபாவினதும் ஆசியக் கூட்டமைப்பினதும் அபிவிருத்தித் திட்டம், பயிற்சிநெறி எதையும் பெற முடியவில்லை. அதே வருடம் நவம்பர் 10ஆம் திகதி ஐ.சி.சி. இலங்கைக் கிரிக்கெட் சபையை இடைநிறுத்தியது. விளையாட்டுத்துறை அமைச்சர் சபையைக் கலைத்து இடைக்காலக் குழு அமைத்ததும், நீதிமன்றம் அந்தக் குழுவுக்குத் தடை விதித்ததும் அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் நடந்தவை. இலங்கையில் நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. 2024 ஜனவரி 28 அன்றுதான் தடை நீங்கியது. அமைச்சருக்கு இவ்வளவு அதிகாரம் கொடுப்பது அதே 1973ஆம் ஆண்டுச் சட்டம். சங்கங்கள் கணக்குக் காட்டாமல், தேர்தல் ஒழுங்காக வைக்காமல் இருப்பது அமைச்சரின் தலையீட்டுக்கு வழி திறக்கிறது. உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் வாக்களிப்பது லீக்குகள், லீக்கில் வாக்களிப்பது கழகங்கள். உங்கள் பிரதிநிதி யாருக்கு, ஏன் வாக்களித்தார் என்று கழகக் கூட்டத்தில் கேட்டுக் கூட்டறிக்கையில் எழுதுங்கள். சாப்பாட்டுக்கும் பயணச்செலவுக்கும் கை தூக்கும் பிரதிநிதியால் வரும் நட்டம் கடைசியில் ஊர் மைதானத்துக்கே வந்து சேரும்.

மைதானம் பற்றி ஒன்று. ஏகாம்பரம் மைதானமோ மக்கெய்சர் அரங்கோ, கிண்ணியாவில் எழிலரங்கோ, பொது இடத்துக்கு எழுத்தில் அனுமதி எடுங்கள், வைப்புப் பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தனி. நுழைவுச்சீட்டு விற்றால் உள்ளூராட்சி மன்றத்தின் களியாட்ட வரியையும் முன்கூட்டியே விசாரியுங்கள். விண்ணப்பித்தும் மைதானம் கிடைக்காமல், காரணமும் சொல்லப்படாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த மாதத்து ஒதுக்கீட்டுப் பட்டியலைக் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

திகதி குறிக்கும்போது பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகள் மைதானத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். ரமழான் நோன்பு மாதத்தில் பகல் ஆட்டம் வைத்தால் பாதி அணிகள் வராது. ஒக்டோபர் கடைசியிலிருந்து மாரி. நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்கு மே முதல் செப்டெம்பர் வரை ஆள் வரும் காலம், அனுசரணைக்கும் அதுவே நல்ல காலம். ஆனால் அப்போதுதான் கச்சான் காற்று வீசும். பத்தடிப் பதாகையை நான்கு மூலையில் மட்டும் கட்டினால் ஒரு பின்னேரத்தில் கிழியும். இரண்டடிக்கு ஒரு வளையம் அடித்து, மேலும் கீழும் குழாய் கோர்த்து, காற்றுப் போகப் பிறை வடிவில் வெட்டு விடச் சொல்லுங்கள். சேருவில, கந்தளாய் அணிகளும் வருவதானால் விதித்தாளும் முக்கிய பதாகையும் சிங்களத்திலும் வேண்டும். சின்னத்தை வட்ஸ்அப்பில் வந்த படமாக அச்சகத்துக்குக் கொடுத்தால் சீருடையில் மங்கும். நிறுவனத்திடம் மூலக் கோப்பையே கேட்டு வாங்கி, முதல் மாதிரிக்கு அவர்களின் ஒப்புதலை எழுத்தில் எடுத்த பின் அச்சிடுங்கள்.

போட்டி முடிந்து 14 நாளுக்குள் அனுசரணையாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் அறிக்கை போக வேண்டும். அவரது பதாகை தெரியும் படங்கள், பங்குபற்றிய அணிகளும் ஊர்களும், நேரலை பார்த்தோர் தொகை, பத்திரிகைச் செய்தி, அவர் தந்த பணத்துக்கான பற்றுச்சீட்டுப் பிரதி ஆகியவற்றை இணையுங்கள். தபாலில் போடாமல் செயலாளரே நேரில் கொடுக்கட்டும். அப்போதே அடுத்த வருடத்துக்கு எப்போது எழுத வேண்டும் என்று கேட்டு வாருங்கள். வங்கிகளின் கணக்காண்டு டிசம்பரில் முடிவதால் அவர்களுக்குக் கடிதம் செப்டெம்பரில் போக வேண்டும். மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பனிகளுக்கு டிசம்பரில் எழுதினால் போதும்.