ஈரத்திலும் வாடும் செடி: போர் தண்ணீர் கொண்டுவரும் உப்பு

"தண்ணி பாய்ச்சின மறுநாளே செடி வாடுதுங்க, ஏதாவது மருந்து சொல்லுங்க." கோடையில் வாழப்பாடி, ஓமலூர் பக்கத்திலிருந்து மண் பரிசோதனைக்கு வருபவர்கள் பலர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். கையோடு கொண்டுவரும் இலையில் நுனி கருகி, கருகல் ஓரம் வழியாக இறங்கியிருக்கும். நடுநரம்பை ஒட்டிப் பச்சை அப்படியே நிற்கும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைந்தாலும் ஓரம் கருகும் என்பதால் இலையை மட்டும் பார்த்து நான் எதுவும் சொல்வதில்லை. ஆனால் மண்ணையும் போர் தண்ணீரையும் சோதித்தால் பல நேரம் உப்புதான் காரணமாக இருக்கிறது. மண்நீரில் உப்பு கூடிவிட்டால், ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது.

உப்பு எங்கிருந்து வருகிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதை அதன் மின்கடத்துதிறனை வைத்துச் சொல்வோம். அது மீட்டருக்கு 1 டெசிசைமன் காட்டும் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்பு இருக்கும். ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் நிற்கப் பாய்ச்சினால் ஏறக்குறைய 1,03,000 லிட்டர், அதாவது சுமார் 66 கிலோ உப்பு. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் இவ்வளவு. தண்ணீரைச் செடியும் வெயிலும் எடுத்துக்கொள்ளும், உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். நல்ல மழையும் வடிகாலும் இருந்தால்தான் அது வேருக்குக் கீழே இறங்கும்.

பீன்ஸும் வெங்காயமும் மண்சாற்றில் (ஈரமண்ணிலிருந்து வடித்தெடுக்கும் நீரில்) இந்த மின்கடத்துதிறன் 1-ஐத் தாண்டிய கொஞ்சத்திலேயே விளைச்சலில் இறங்கத் தொடங்கும். பருத்தி 7 வரைக்கும் தாங்கும்.

சொட்டுநீர் போட்டவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நனைந்த வட்டத்தின் விளிம்பில் உப்பு ஒதுங்கி வெள்ளையாகப் பூத்திருக்கும். கோடையில் லேசாக ஒரு தூறல் விழுந்தால் அது கரைந்து நேரே வேருக்கு வரும். மழைதான் பெய்கிறதே என்று மோட்டாரை நிறுத்திவிடாதீர்கள். சிறு மழை என்றால் சொட்டுநீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

செடி தளர்ந்துவிட்டது என்று யூரியாவைக் கூட்டுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. உரமும் மண்நீரில் கரைந்து உப்பைப் போலவே வேலை செய்யும். அதேபோல் யாரோ சொன்னார்கள் என்று ஜிப்சம் கொட்டுவதும். சோடியம் ஏறி, கார அமிலநிலை (pH) 8.5-க்கு மேல் போன களர் நிலத்துக்குத்தான் ஜிப்சம். உப்பு மட்டும் கூடிய உவர் நிலம் என்றால் வடிகால் எடுத்து, நல்ல தண்ணீரை வயலில் தேக்கி, உப்பைக் கீழே இறக்க வேண்டும். உங்கள் நிலம் எது என்று சோதனைதான் சொல்லும். மழைக்கு முன்னால், மேல்மண் தனியாக, ஓரடி ஆழத்து மண் தனியாக எடுத்து வாருங்கள். போர் தண்ணீர் ஒரு பாட்டிலும் சேர்த்து.