மலைப்பாதையை அரிப்பது யார்?

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் டமால்பயஸ் மலை வரும். உயரம் சுமார் 785 மீட்டர்தான். ஆனால் மலை சைக்கிள் என்ற பொருளே பிறந்த வட்டாரம் அது. 1976இல் பக்கத்தில் இருக்கும் பைன் மலையின் மண் சாலையில், சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் கீழ்நோக்கிப் பந்தயம் விட்டார்கள். மூன்றரைக் கிலோமீட்டருக்குள் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கிற அந்தக் காலத்து பிரேக் சூடேறி, சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இருந்த கிரீஸ் புகைந்தே தீர்ந்துபோகும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தச் சாலைக்கு 'ரீபேக்', அதாவது 'திரும்ப அடை', என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பாதையைக் கெடுப்பது யார் என்ற சண்டையும் அங்கேயே தொடங்கியது. நடப்பவர்கள் சைக்கிளைக் குறை சொன்னார்கள், சைக்கிள்காரர்கள் குதிரையைக் கைகாட்டினார்கள். இன்றும் டமால்பயஸ் மாநிலப் பூங்காவில், தீயணைப்பு வண்டி போவதற்காக வெட்டிய அகலமான மண் சாலைகளில் சைக்கிள் போகலாம். ஒற்றையடிப் பாதைகள் பலவற்றில் கூடாது.

மண் கெடுகிறது என்ற வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். மொன்டானா மாநிலத்து மலைப்பாதைகளில் நடந்த ஓர் ஆய்வு 1994இல் வெளியானது. மனிதர், குதிரை, சைக்கிள், மோட்டார் சைக்கிள் என நான்கையும் ஒப்பிட்டார்கள். சக்கரங்களைவிடக் கால்களும் குளம்புகளும்தான் மண்ணை அதிகம் பெயர்த்தன. முதலிடம் குதிரைக்கு. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அரை டன் உடம்பு, உள்ளங்கை அகலக் குளம்பு, அடியில் இரும்பு லாடம்.

ஆனால் பெயர்ந்த மண் பெயர்ந்த இடத்திலேயே கிடந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அதைத் தூக்கிக்கொண்டு போவது தண்ணீர். என்னைக் கேட்டால், சண்டை போடுகிற மூன்று தரப்பும் குற்றவாளியை விட்டுவிட்டுத் தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள்.

காட்டு மண்ணில் துளைகள் நிறைய இருக்கும். மழை உள்ளே இறங்கிவிடும். மிதிபடும் மண்ணில் அந்தத் துளைகள் நசுங்கி மூடிக்கொள்ளும். இறங்க வழியில்லாத நீர் மேலே ஓடும். அதற்குள் பாதையின் நடுப்பகுதி தேய்ந்து பள்ளமாகி, ஒதுங்கிய மண் வெளி ஓரத்தில் வரப்பு மாதிரிச் சேர்ந்திருக்கும். அந்த வரப்பு தண்ணீரை வெளியே விடாது. அவ்வளவுதான், பாதை வாய்க்காலாகிவிட்டது. இறக்கத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்துச் சறுக்கும் சைக்கிள், நடுவில் நீளவாக்கில் ஒரு கோடும் கிழித்துக் கொடுக்கும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரே மழையில் பாதை ஓடையாவது இப்படித்தான்.

ஆகவே பாதை போடுவதென்பது பாதி தண்ணீர் வேலை. சரிவில் நேர்கீழாகப் போகாமல், குறுக்கே வெட்டுவார்கள். அதற்கு ஒரு கைக்கணக்கு: மலைச்சரிவு 10 மீட்டருக்கு 2 மீட்டர் இறங்கினால், பாதை 10 மீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. அதாவது பாதி. அதைத் தாண்டினால், பாதையைக் குறுக்காகக் கடந்து கீழே போக வேண்டிய தண்ணீர் பாதையோடேயே நடக்க ஆரம்பித்துவிடும். தரையை வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்தும் விடுவார்கள், 100க்கு 5 போல. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஒரு பாட்டில் தண்ணீரைக் கொட்டினால் தெரியும். அப்புறம், இறங்கும் பாதையில் 10, 15 மீட்டருக்கு ஒருமுறை ஒரு சின்ன ஏற்றம் வைப்பார்கள். ஓடிவரும் நீர் ஏற மாட்டாமல் அங்கே வெளியே வழிந்துவிடும். சைக்கிள்காரருக்கோ அது குஷியான ஒரு குலுக்கல். முன்பு குறுக்கே மரக்கட்டை பதித்தார்கள். அதன் பின்னால் வண்டல் சேர்ந்து மூடிவிடும். எல்லோரும் கட்டையைச் சுற்றிப் போய்ப் பாதையை அகலமாக்குவார்கள்.

மண் பிரச்சினை தீர்ந்தாலும் குதிரை பிரச்சினை தீராது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், குதிரைக்கு ஏறக்குறைய 350 பாகை தெரியும். தெரியாத இடம் வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும். சத்தமே இல்லாமல் பின்னாலிருந்து வேகமாக வருவது எதுவானாலும், இரையாகவே வளர்ந்த அந்த விலங்குக்கு அது புலிதான். அதனால்தான் அமெரிக்கப் பாதைகளில் சைக்கிள் எல்லோருக்கும் வழிவிட வேண்டும், நடப்பவர் குதிரைக்கு விட வேண்டும் என்று வழக்கம். சும்மா ஒதுங்கினால் போதாது, பேச வேண்டும். மனிதக் குரல் கேட்டால், வருவது ஆள்தான் என்று குதிரைக்குப் புரியும். டமால்பயஸில் சைக்கிளுக்கு மணிக்கு 24 கிலோமீட்டர்தான் எல்லை, திருப்பத்திலும் ஆளைக் கடக்கும்போதும் 8. வேகம் பாதியானால் பிரேக் போட்டு நிற்கும் தூரம் கால்வாசியாகிவிடும். மறைவான வளைவுக்கு அப்பால் ஒரு குதிரை நின்றால், அந்தத் தூரம்தான் கைகொடுக்கும்.

நாமெல்லாம் நல்ல வெயில் நாளாகப் பார்த்துப் போவோம். பாதை பராமரிப்பவர்களுக்கு நல்ல நாள் அடைமழை நாள். ரெயின்கோட்டும் மண்வெட்டியுமாகப் போய், தண்ணீர் எங்கே பாதையோடு சேர்ந்து நடக்கிறது என்று பார்த்து, அந்த இடத்து வரப்பை அப்போதே வெட்டிவிடுவார்கள்.