கதவுக்குள் இருக்கும் அந்தக் கம்பியைக் கழற்றலாமா?

பட்டறைத் தரையில் பழைய பிஸ்டன்களுக்குப் பக்கத்தில் கிடந்தது, முன் பம்பருக்குள்ளிருந்து கழற்றிய பீம். ஒன்றேகால் மீட்டர் நீளம், லேசாக வில் மாதிரி வளைந்த இரும்பு, இரண்டு முனையிலும் சின்னப் பெட்டி போல ஒரு தகர அமைப்பு. பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 5 கிலோ 300 கிராம்.

"பெரிய இன்டர்கூலர் வைக்கணும்னா இது இடிக்குதுங்ணா, அதான் கழட்டிட்டாங்க. அப்படியே நாலு கதவுலயும் இருக்கிற கம்பியையும் அறுத்துட்டா வண்டி இன்னும் லைட் ஆயிரும். கரி ட்ராக்ல ஒரு லேப்புக்கு ரெண்டு செகண்ட் குறையும்கறாங்க. எடுத்துரலாங்களா?" என்றான் சித்தி மகன். (இன்டர்கூலர் என்பது டர்போ என்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர வைக்கும், ரேடியேட்டர் மாதிரி ஒரு பெட்டி.) கோவைக்காரர்களுக்குச் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கத்திலேயே இருப்பதால், வண்டியை மாற்றிக் கட்டும் ஆசை வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை.

வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஆனால் ஏன் என்று தெரியாமல் கேட்டுக்கொண்டால் அடுத்த வாரம் வேறு ஒருவர் சொன்னார் என்று கழற்றிவிடுவான், அதனால் உட்கார்ந்து பேசினோம்.

பம்பர் என்று நாம் சொல்லுவது வெறும் பிளாஸ்டிக் தோல். அதற்குப் பின்னால் தெர்மாகோல் போன்ற நுரைக்கட்டி ஒன்று இருக்கும் (நடந்து போகிறவர் காலில் வண்டி மோதினால் எலும்பு உடையும் வாய்ப்பைக் குறைக்கத்தான் அது), அதற்கும் பின்னால்தான் இந்த இரும்பு பீம். பீமின் இரு முனையிலும் உள்ள சின்னப் பெட்டிகளுக்கு கிராஷ் பாக்ஸ் என்று பெயர். அவை போய், என்ஜினுக்கு இருபுறமும் நீளவாக்கில் ஓடும் இரண்டு சட்டங்களில் போல்ட் போட்டு நிற்கும். கிராஷ் பாக்ஸை நன்றாகப் பார்த்தால் குறுக்கே வரிவரியாகப் பள்ளங்கள் தெரியும். அழகுக்காக இல்லை. அடி விழும்போது ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக நசுங்க வேண்டும் என்பதற்காக அங்கேயே வேண்டுமென்று பலவீனம் வைத்திருக்கிறார்கள். மெதுவான இடியில் இந்தப் பெட்டிகள் மட்டும் நசுங்கி, பின்னால் இருக்கும் சட்டம் தப்பித்துக்கொள்ளும்.

நசுங்குவதற்கென்றே ஒரு பகுதி, நசுங்கவே கூடாத பகுதி ஒன்று. மெர்சிடிஸ் பென்ஸில் வேலை பார்த்த பேலா பரேன்யி என்ற பொறியாளர் 1950களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை வாங்கினார், 1959-ல் அந்த யோசனையோடு கார் விற்பனைக்கே வந்துவிட்டது. அதற்கு முன் கார் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு பாதுகாப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள், இப்போதும் "அந்தக் காலத்து அம்பாசடர் தகரம் பார்த்தியா" என்று பேசும் மாமாக்கள் எல்லா வீட்டிலும் உண்டு.

சின்னக் கணக்கு ஒன்று. ஆயிரம் கிலோ கார் 50 கி.மீ வேகத்தில் போகிறது என்றால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 96,000 ஜூல். அதே காரை மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து தள்ளிவிட்டால் தரையைத் தொடும்போது எவ்வளவு இருக்குமோ கிட்டத்தட்ட அவ்வளவு. இந்த ஆற்றலை எங்கேயாவது செலவழித்தே ஆக வேண்டும். முன்பக்கம் 60 செ.மீ நசுங்கி நின்றால் உள்ளே இருப்பவர் மீது சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 16 மடங்கு விசை விழும். 20 செ.மீ-க்குள் நின்றால் சுமார் 49 மடங்கு. நசுங்கும் தூரம் மூன்றில் ஒன்றானால் அடி மூன்று மடங்கு, அவ்வளவுதான் விஷயம். தகரம் நசுங்குகிற ஒவ்வொரு சென்டிமீட்டரும் நம் விலா எலும்புக்குப் பதிலாக நசுங்குகிறது.

சரி, நசுங்குவது பெட்டியும் சட்டமும்தானே, குறுக்கே இருக்கும் பீம் எதற்கு என்றான். நல்ல கேள்வி. நம் ஊர் நெடுஞ்சாலையில் நேருக்கு நேர் மோதல் பெரும்பாலும் முழு முகத்தோடு நடப்பதில்லை. ஓவர்டேக் செய்யப் போய், கடைசி நொடியில் ஒடித்து, பாதி முகம் மட்டும் மோதும். இந்தியாவில் 2017 அக்டோபரிலிருந்து புதிய மாடல் கார்களுக்குக் கட்டாயமான மோதல் சோதனையும் அப்படித்தான்: 56 கி.மீ வேகம், காரின் அகலத்தில் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் மோத வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பக்கச் சட்டத்தின் தலையில்தான் முழு அடியும் விழும். குறுக்கே பீம் இருந்தால் அது அடியில் ஒரு பங்கை இழுத்துக்கொண்டு போய் மறுபக்கச் சட்டத்துக்கும் கொடுக்கும். மாட்டு வண்டியில் நுகத்தடி செய்கிற வேலை. நுகத்தடியை எடுத்துவிட்டால் இரண்டு மாடும் தனித்தனி மாடு. மரத்திலோ விளக்குக் கம்பத்திலோ நடு மூக்கில் மோதினால் இன்னும் மோசம். இரண்டு சட்டத்துக்கும் நடுவில் கம்பத்தைப் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லாமல், இன்டர்கூலர், ரேடியேட்டர், என்ஜின் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்.

யாரும் யோசிக்காத இடம் ஏர்பேக். முன்பக்கத்தில் இருக்கும் சென்சார், கியர் கம்பிக்குக் கீழே உள்ள கணினிப் பெட்டி இரண்டும் சேர்ந்து, இடி விழுந்து சில பத்து மில்லிசெகண்டுக்குள் "இது நிஜ மோதலா, குழியில் இறங்கிய குலுக்கலா" என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுக்கு அடிப்படை, கம்பெனி தன் வண்டிகளை மோதிப் பார்த்துப் பதிவு செய்த அதிர்வு வடிவம். பீம் உள்ள வண்டியின் அதிர்வு அது. பீம் இல்லாத வண்டி வேறு மாதிரி குலுங்கும், ஆரம்பத்தில் மெதுவாக, அப்புறம் திடீரென்று. ஏர்பேக் தாமதமாக விரிந்தால் தலை அதற்குள் பாதித் தூரம் முன்னால் வந்திருக்கும், பலூன் முகத்தில் அறையும். டாஷ்போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாது, ஏனென்றால் கழற்றியது வெறும் இரும்பு, ஒயர் எதுவும் இல்லை.

இனி கதவு. இதற்குத்தான் அவனுக்கு ஒரு கதவைத் திறந்தே காட்டினேன். உள்பக்க டோர் பேடைப் பிடித்து இழுத்தால் கிளிப்கள் டக் டக்கென்று விடும், பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட், அதைச் சுற்றிக் கையை விட்டுப் போகவே போகாத கறுப்புப் பசை. ஷீட்டைப் பாதி உரித்து டார்ச் அடித்தால் கண்ணாடி ஏறி இறங்கும் தண்டவாளம், ஒயர்கள், அதற்கும் அப்பால் வெளித் தகரத்தை ஒட்டினாற்போல் சாய்வாக ஓடும் குழாய் தெரியும், அவன் அறுக்கலாமா என்று கேட்ட கம்பி அதுதான். வெளித் தகரத்தை விரலால் அழுத்தினாலே உள்வாங்குகிறது, அந்தக் குழாயைச் சாவியால் தட்டினால் மட்டும் கோயில் மணி மாதிரி ஒரு சத்தம்.

பக்கவாட்டு இடியில் என்ன சிக்கல் என்றால், இடமே இல்லை. முன்பக்கம் அரை மீட்டருக்கு மேல் நசுங்கத் தகரம் இருக்கிறது, கதவுக்கும் நம் இடுப்புக்கும் நடுவில் ஒரு சாண் கூடி வந்தால் அதிகம். 50 கி.மீ வேகத்தில் வரும் வண்டி 25 செ.மீ-ஐக் கடக்க 18 மில்லிசெகண்ட் போதும், கண் இமைக்கும் நேரத்தில் அது ஒரு சிறு பங்கு. அந்த நேரத்துக்குள் குழாய் முதலில் வளைவை எதிர்க்கும். வளைய ஆரம்பித்த பிறகும் அதன் வேலை முடியவில்லை: கயிற்றுக் கட்டிலில் ஆள் உட்கார்ந்தால் கயிறு தொங்கி, இழுவிசையைக் கட்டில் சட்டத்துக்குக் கொடுக்கிறதல்லவா, அதேபோலக் குழாய் ஒரு முனையில் கீல், மறு முனையில் பூட்டு என்று இரண்டு தூண்களையும் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கும். கதவு இடி வாங்கியும் பூட்டு விடாமல் இருந்தால் இது வேலை செய்யும். அமெரிக்காவில் 1973-லேயே கதவு இவ்வளவு அழுத்தம் தாங்க வேண்டும் என்று விதி வைத்துவிட்டார்கள், இந்தக் கம்பி எல்லாக் கார்களுக்கும் பரவியதில் அந்த விதிக்குப் பெரிய பங்கு உண்டு.

குழாய் எதனால் ஆனது என்பதும் முக்கியம். இன்றைய கார்கள் பலவற்றில் போரான் கலந்த எஃகு. சுமார் 900 டிகிரிக்குச் சூடாக்கி, சிவக்கச் சிவக்க அச்சில் அழுத்தி, அந்த அச்சுக்குள்ளேயே சட்டென்று குளிர வைப்பார்கள். கொல்லர் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவதும் இதே விஞ்ஞானம்தான். இப்படிச் செய்த எஃகு 1500 மெகாபாஸ்கல் இழுவிசை வரை தாங்கும், கதவின் வெளித் தகரம் அதில் நான்கில் ஒரு பங்கு தாங்கினாலே பெரிது. சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். "இப்போ அறுத்துக்கலாம், வண்டியை விக்கும்போது திரும்ப வெல்டு வெச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெல்டிங் சூட்டில் அந்தப் பக்குவம் போய்விடும், வெல்டுக்கு இருபுறமும் எஃகு இளகி, பார்க்க முழுக் கம்பியாக இருந்தாலும் அடி விழும்போது அந்த இடத்தில்தான் மடியும்.

இன்னொன்று, சில கார்களில் பக்க ஏர்பேக்குக்கான சென்சார் கதவுக்குள் காற்றழுத்தத்தை அளக்கிறது. வெளித் தகரம் உள்வாங்கினால் உள்ளே காற்று சட்டென்று அழுந்தும், அதுதான் சமிக்ஞை. ஸ்பீக்கருக்கென்று கதவின் உள் தகரத்தில் பெரிய ஓட்டை போட்டாலோ, அந்தப் பசை ஷீட்டைக் கிழித்துவிட்டு அப்படியே மூடினாலோ கூடக் காற்று வேறு வழியில் போய்விடும். மேலே சொன்ன கறுப்புப் பசையை நான் திட்டிக்கொண்டே திரும்ப ஒட்டியதற்குக் காரணம் அதுதான்.

இவ்வளவுக்கும் பதிலாகக் கிடைப்பது என்ன? கதவுக்கு 2 கிலோ வீதம் எட்டு, முன் பீம் ஐந்து சொச்சம், எல்லாம் சேர்த்துப் பதினான்கு கிலோவைத் தொடாது. 20 லிட்டர் பெட்ரோல் 15 கிலோ. டேங்கைப் பாதியாக வைத்துக்கொண்டு ட்ராக்குக்குப் போனாலே அதே லாபம். ஆளோடு சேர்த்து 1,100 கிலோ வண்டியில் 14 கிலோ என்பது ஒன்றேகால் சதவீதம், நூறைத் தொட 11 விநாடி எடுக்கும் வண்டிக்கு உத்தேசமாக 0.15 விநாடி மிச்சம். ரெண்டு செகண்ட் என்பது டீக்கடைக் கணக்கு. ஸ்டெப்னி, பின் சீட், ஜாக்கி எல்லாவற்றையும் ட்ராக் நாளில் மட்டும் இறக்கி வைத்தால் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு குறையும், சாயங்காலம் திரும்ப மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். (தம்பிக்கே ஒரு எட்டுக் கிலோ குறைக்க இடம் இருக்கிறது, அதை அவனிடம் சொல்லவில்லை.)

ரேஸ் கார்களில் கழற்றுகிறார்களே என்றால், ஆமாம், கழற்றுகிறார்கள். கழற்றிவிட்டு அதைவிடக் கனமானதை வைக்கிறார்கள். உள்ளே தையல் இல்லாத எஃகுக் குழாயில் கூண்டு கட்டி, கதவுப் பக்கம் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்குக் குழாய்கள் போட்டு, பக்கெட் சீட்டில் ஆறு பட்டை பெல்ட்டோடு ஆளைக் கட்டி, தலையில் ஹெல்மெட் மாட்டி உட்கார வைக்கிறார்கள். அதே கூண்டைத் தினம் ஆபீஸ் போகும் காரில் வைத்தால், ஹெல்மெட் இல்லாத தலைக்கு மூன்று அங்குலத்தில் இரும்புக் குழாய். எனவே வண்டி ட்ராக்குக்கு மட்டும், லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோவேன் என்றால் தாராளமாக அறுக்கலாம். ரோட்டிலும் ஓட வேண்டும் என்றால் தொடக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலையை நான் இதுவரை பார்க்கவில்லை.

இதன் மறுபக்கம்தான் முன்னால் மாட்டும் புல் பார். அங்கே எடுப்பதற்குப் பதில் சேர்க்கிறார்கள், கிராஷ் பாக்ஸைச் சுற்றிக்கொண்டு அடி நேராகச் சட்டத்துக்குப் போகிறது, சென்சாரும் குழம்புகிறது. 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அதைச் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்பதுதான் அந்தப் பிரிவு.

கடைசியில் அவனை மாற்றியது இந்தக் கணக்கு எதுவும் இல்லை. பீமின் ஓரத்தில், முழு மோதிர விரலை விடும் அளவுக்கு மரை போட்ட ஒரு துளை இருந்தது. பம்பரில் ஒரு சின்ன மூடி இருக்குமே, அதற்கு நேர் பின்னால். இது என்ன என்றான். வண்டி நின்றுபோனால் கட்டி இழுக்க டோயிங் கொக்கியைத் திருகும் இடம் என்றேன். ஸ்டெப்னிக் குழியிலிருந்து கொக்கியை எடுத்து வந்து அதில் திருகிப் பார்த்தான், சரியாக உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் பீமையும் இன்டர்கூலரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதைவிட உயரம் கம்மியா ஒண்ணு வருதுங்களா, கீழ வெக்கற மாதிரி?" என்று டிங்கர் அண்ணனிடம் கேட்டான்.

வருதுப்பா, நாலாயிரம் கூட ஆகும் என்றார் அவர். பம்பரைத் திரும்ப மாட்டுவதற்குள் மூன்று கிளிப் உடைந்தது.