டிரெய்லர் திரும்பும்போது பின்சக்கரம் எங்கே போகிறது?

எண்ணூர் விரைவுச் சாலையிலோ மணலி பக்கமோ தினமும் டூவீலரில் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சிதான். நாற்பதடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் சிக்னலில் நிற்கும். அதன் இடது பக்கம் ஒரு ஆட்டோவே நுழையும் அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கும். பச்சை விழுந்ததும் வண்டி கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கும். நமக்கு வழி விடுகிறார் என்று நினைத்து பைக் உள்ளே பாயும். அவர் வழி விடவில்லை. இடது பக்கம் திரும்ப இடம் பிடிக்கிறார்.

ஏன் அவ்வளவு இடம்? மழைத் தண்ணீரில் சைக்கிளை ஓட்டி, காய்ந்த தரையில் வளைத்துப் பாருங்கள். ஈரத்தில் இரண்டு கோடுகள் விழும். பின்சக்கரத்தின் கோடு முன்சக்கரக் கோட்டுக்கு உட்பக்கமாகவே போகும். பின்சக்கரம் தானாகத் திரும்புவதில்லை, இழுத்த இழுப்புக்கு வருகிறது. வண்டி நீள நீள இந்த உள்வாங்கல் கூடும். டிரெய்லரில் அது இரண்டு தடவை நடக்கிறது. முன் வண்டியின் பின் அச்சு ஒருமுறை உள்வாங்கும், அதன் மேல் கிங் பின்னில் (இரண்டையும் இணைக்கும் தடித்த இரும்பு முளை) மாட்டியிருக்கும் டிரெய்லர் இன்னொரு முறை உள்வாங்கும்.

கணக்கு எளிது. முன்சக்கரம் 12 மீட்டர் ஆரத்தில் வளைகிறது என்று வைத்துக்கொள்வோம். முன் வண்டியின் அச்சுகளுக்கு இடையே 3.5 மீட்டர், கிங் பின்னிலிருந்து டிரெய்லரின் பின் அச்சுகளின் நடு வரை 9 மீட்டர். 12-இன் வர்க்கத்திலிருந்து மற்ற இரண்டின் வர்க்கத்தையும் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 7.1. அதாவது பின்சக்கரம் கிட்டத்தட்ட 5 மீட்டர் உள்ளே வருகிறது. தொடர்ந்து வட்டமடித்தால்தான் முழு 5 மீட்டர், தெரு முனையின் 90 டிகிரி திருப்பத்தில் அதைவிடக் குறையும். குறைந்தால் என்ன, பைக்கின் அகலம் ஒரு மீட்டர்கூட இல்லையே.

டிரைவருக்குத் தெரியாதா என்று கேட்பார்கள். அவர் உட்கார்ந்திருப்பது வலது பக்கம், உயரத்தில். கேபின் இடப்பக்கம் மடங்கியதும் இடது கண்ணாடியில் கன்டெய்னரின் இரும்புச் சுவர் மட்டுமே நிறைந்திருக்கும். பின்சக்கரம் அந்தக் கண்ணாடிக்குள்ளேயே இருக்காது. கிளீனர் இருந்தால் இடது ஜன்னலில் தலையை நீட்டி வண்டியைத் தட்டுவார். தனியாக வருகிற டிரைவருக்கு அந்தக் கண் கிடையாது.

பைக் விழும் விதத்திலும் ஒரு இயற்பியல் இருக்கிறது. டிரெய்லர் சற்று வேகமாக நகர்ந்தால், அதன் பக்கவாட்டில் உரசும் வலது ஹேண்டில் பிடி முன்னால் இழுபடும். ஹேண்டில் இடது பக்கம் திரும்பும், சக்கரம் இடது பக்கம் ஓடும், ஓட்டுபவரின் உடல் வலது பக்கம் சாயும். டிரெய்லரின் தளம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் இருப்பதால், பக்கவாட்டுத் தடுப்புக் கம்பி இல்லாத வண்டியில் அவர் நேரே அடியில் போவார். டிரைவர் உடனே மிதித்தாலும் ஏர் பிரேக்கில் காற்று குழாய் வழியே பின் அச்சு வரை போய்ச் சேர வேண்டும். அந்த அரை நொடியில், 20 கி.மீ. வேகத்தில்கூட வண்டி சுமார் 3 மீட்டர் உருண்டுவிடும். ஹெல்மெட் இதற்காகச் செய்ததல்ல. தலை தரையில் மோதும் வேகத்தை அதன் உள்ளே இருக்கும் தெர்மகோல் நசுங்கி வாங்கிக்கொள்ளும். சரக்கோடு 40 டன்னை நெருங்கும் வண்டியின் சக்கரத்தை அது தாங்காது.

எனவே இடது இடைவெளி எவ்வளவு அகலமாக இருந்தாலும் டிரெய்லருக்குப் பின்னாலேயே நில்லுங்கள், அதன் கண்ணாடியில் டிரைவரின் முகம் தெரிகிற மாதிரி. ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்டால் முந்தப் பார்க்கக் கூடாது. பிரேக் பிடித்து, பைக்கைப் போட்டுவிட்டு பிளாட்பாரத்தில் ஏறிவிடுங்கள்.

இண்டிகேட்டர் கதை தனி. டிரெய்லரின் பின்விளக்குகளுக்குக் கரண்ட் வருவது முன் வண்டியிலிருந்து, ஏழு முனைகள் (பின்கள்) கொண்ட கேபிள் வழியாக. கடற்காற்றில் அந்தப் பித்தளைப் பின்கள் பச்சை பூக்கும். கரண்ட் திரும்பிப் போகும் எர்த் பின்னில் பச்சை பூத்தால் கரண்ட் வேறு விளக்குகள் வழியே திரும்பப் பார்க்கும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும், இண்டிகேட்டர் போட்டால் எல்லாமே சேர்ந்து துடிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பத்து நிமிட வேலை.

ராத்திரியில் ரோட்டோரம் நிறுத்திய டிரெய்லருக்கு இந்த வெளிச்சமும் கிடையாது. 60 கி.மீ. வேகத்தில் வருபவர் பார்த்து பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி, அதற்குள் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த தாரில் நிற்க இன்னும் 20. ஆக 45 மீட்டர். ரோட்டில் கடல் மணல் படிந்து பிடிமானம் பாதியாகியிருந்தால் 65. பழைய ஹாலஜன் விளக்கின் லோ பீமில், அழுக்கேறிய இரும்பு கண்ணில் படுவதே 30, 40 மீட்டருக்குள்தான்.

இந்த இடைவெளியை அடைப்பது பின்னால் ஒட்டும் சிவப்புப் பட்டை. அதற்குள் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளோ, மூன்று முகம் செங்குத்தாகச் சேர்ந்த மிகச் சிறிய பட்டகங்களோ இருக்கும். வெளிச்சம் ஓரளவு சாய்வாக வந்தாலும் வந்த திசைக்கே திருப்பி அனுப்பும், அதனால் விளக்கடித்தவர் கண்ணுக்கே அது வந்து சேரும். எண்ணூர் பக்கம் நிலக்கரித் தூசியும் சாம்பலும் அதன்மேல் படியும்போது, ஒளி உள்ளே போகையில் ஒருமுறை, வெளியே வருகையில் ஒருமுறை அடிபடுகிறது. தூசிப் படலம் பாதி வெளிச்சத்தைத்தான் விடுகிறது என்றால் திரும்பி வருவது கால்பங்கு. ஈரத் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று, செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அடித்துப் பார்க்கலாம். பட்டை உயிரோடு இருந்தால் பளிச்சென்று திருப்பி அடிக்கும்.