சார்ஜர் போட்டால் மட்டும் துள்ளும் கர்சர்

மூன்று வருடம் ஒழுங்காக உழைத்த என் லேப்டாப்பில் ஒருநாள் இரவு கர்சர் துள்ள ஆரம்பித்தது. விரலை வலப்பக்கம் நகர்த்தினால் கொஞ்சதூரம் கூடவே வரும், அப்புறம் நின்று நடுங்கும், திடீரென்று திரையின் மூலைக்குத் தாவும். ஒரு விரலை வைத்தால் இரண்டு விரல் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தை மேலும் கீழும் உருட்டும். மறுநாள் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டேன். கடை மேஜையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார்கள். அத்தனை சமர்த்தாக இருந்தது. "டச்பேடை மாத்திடலாம் சார், எப்படியும் போகத்தான் போகுது. ஸ்பேர் சொல்லி வைக்கிறேன்" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து சார்ஜரைச் செருகினேன், மறுபடி ஆட்டம். பிடுங்கினேன், நின்றுவிட்டது.

டச்பேட் கெட்டுப்போயிருந்தால், சார்ஜர் செருகியிருக்கிறதா இல்லையா என்று பார்த்தா அது கெட்டுப்போகும்?

இதற்குப் பதில் சொல்ல, டச்பேட் எதை அளக்கிறது என்று தெரிய வேண்டும். இன்றைய லேப்டாப்புகளின் டச்பேட் விரலின் சூட்டையோ அழுத்தத்தையோ வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பதில்லை. மேலே தெரியும் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பரப்புக்கு அடியில், தறியின் ஊடும் பாவும் போல, மெல்லிய செப்புத் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஒன்றையொன்று தொடாமல் கடந்துபோகின்றன. அப்படிக் கடக்கும் இடம் ஒவ்வொன்றும் ஒரு குட்டி மின்தேக்கி, நம் பேச்சுவழக்கில் கண்டென்சர். உள்ளே இருக்கும் சில்லு ஒரு வரிசைத் தடங்களில் மின்துடிப்புகளை அனுப்பி, குறுக்கே போகும் தடங்களில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். விரல் அருகே வந்தால் அந்த இடத்து மின்புலத்தில் ஒரு பங்கை விரல் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வந்து சேரும் அளவு குறையும். எங்கே குறைந்ததோ அங்கே விரல் இருக்கிறது. ஜார்ஜ் கெர்ஃபைடு 1988-இல் இந்த வகை டச்பேடை உருவாக்கினார். 1994-இல் ஆப்பிளின் பவர்புக் 500 வரிசை லேப்டாப்புகளில் டச்பேட் வந்தது. அதன்பின் கர்சரை நகர்த்த விரலால் உருட்டும் பந்தான டிராக்பாலுக்கு வேலை குறைந்துபோனது.

அந்தக் குறைவு எவ்வளவு என்று கேட்டால்தான் தலை சுற்றும். ஒரு பிக்கோ ஃபாரடுக்கும் கீழே (ஃபாரட் என்பது கண்டென்சரின் அளவைச் சொல்லும் அலகு). உங்கள் வீட்டு சீலிங் ஃபேனுக்குள் இருக்கும் கண்டென்சர் பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட். ஒரு பிக்கோ ஃபாரடைப் போல அது 25 லட்சம் மடங்கு. இவ்வளவு பொடிசான மாற்றத்தைப் பிடித்து, அதிலிருந்து விரல் நகர்ந்த தூரத்தை மில்லிமீட்டருக்கும் நுணுக்கமாகச் சொல்கிறது அந்தச் சில்லு. அது ஒழுங்காக வேலை செய்யும் நாட்களைத்தான் நான் அதிசயம் என்பேன்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விரல் இழுத்துக்கொண்ட மின்னூட்டம் எங்கே போகிறது? விரல் வழியாக உடம்புக்கு, உடம்பிலிருந்து தரைக்கும் சுவருக்கும், அங்கிருந்து எப்படியோ சுற்றிக்கொண்டு லேப்டாப்புக்கே திரும்புகிறது. மனித உடம்புக்கும் தரைக்கும் இடையிலான மின்தேக்குதிறனைச் சுமார் 100 பிக்கோ ஃபாரட் என்று எடுத்துக்கொள்வது பொறியாளர்கள் வழக்கம். ஆக, டச்பேட் அளப்பது விரலை மட்டும் அல்ல. தரையை ஒட்டி நிற்கும் உங்களுக்கும் லேப்டாப்புக்கும் உள்ள உறவை. படகில் நின்றபடி கரையில் இருக்கும் ஆளின் உயரத்தை அளப்பது போன்றது இது. படகு அசையாதவரை அளவு சரியாக வரும். படகு ஆடினால், கரையில் சிவனே என்று நிற்கும் ஆள் குதிப்பதாகத்தான் அளவுகோல் சொல்லும்.

படகை ஆட்டுவது சார்ஜர்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை சார்ஜர் முதலில் சுமார் 325 வோல்ட் நேர்மின்னோட்டமாக்குகிறது. பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்குள் விடுகிறது. மறுபக்கம் 19 அல்லது 20 வோல்ட் வருகிறது. இப்படி வெட்டுவதால்தான் அந்தக் காலத்து எலிமினேட்டர் போலக் கனக்காமல் கையடக்கமாக இருக்கிறது. ஆனால் வெட்டும்போது கிளம்பும் இரைச்சல், டிரான்ஸ்ஃபார்மரின் இரு சுருள்களுக்கும் நடுவே உள்ள சிறு மின்தேக்குதிறன் வழியாக லேப்டாப் பக்கம் கசிகிறது. அதை வழிமறித்துத் திருப்பிவிட, ஒய் கண்டென்சர் என்று சிலவற்றை வைக்கிறார்கள். மூன்று முனை சார்ஜரில் வழக்கமாக ஒன்று ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே, இன்னொன்று நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே. இரைச்சல் எர்த் கம்பி வழியாக ஒதுங்கிவிடும்.

எர்த் இருந்தால்.

எர்த் இல்லாவிட்டால் அந்த இரண்டு கண்டென்சர்களும் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே தொடராக நின்றுவிடும். அவற்றின் நடுப்புள்ளி 230-இல் பாதி, அதாவது 115 வோல்ட்டில் மிதக்கும். பல சார்ஜர்களில் அந்த நடுப்புள்ளியோடு லேப்டாப்பின் உலோக உடம்பும் சேர்ந்தே இருக்கும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். பார்த்தவர்கள் பதறுவார்கள். ஆனால் இந்த வழியில் ஓடக்கூடிய மின்னோட்டம் மிகக் குறைவு. 2.2 நானோ ஃபாரட் கண்டென்சர் என்றால் கணக்குப்படி 0.16 மில்லி ஆம்பியர். எர்த் தேவைப்படாத இரண்டு முனை சார்ஜர்களிலும் இந்தக் கசிவு உண்டு, அதற்குச் சர்வதேசத் தரநிலை ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஆளைத் தூக்கி எறியாது. நகர்த்தும் விரலில் ஒரு சொரசொரப்பு தெரியும், அவ்வளவுதான்.

அந்தச் சொரசொரப்புக்கும் ஒரு கதை உண்டு. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எட்வர்ட் மாலின்க்ராட் என்பவர், விளக்கு எரியும்போது பித்தளை பல்ப் சாக்கெட்டைத் தடவினால் ஒருவிதமாகவும், அணைத்துவிட்டுத் தடவினால் வேறுவிதமாகவும் இருப்பதைக் கவனித்தார். மின்சாரம் தோலைத் துடிதுடித்து இழுப்பதால் உராய்வு கூடிக் குறைகிறது. விரலை அசைக்காமல் வைத்தால் ஒன்றும் தெரியாது. உங்கள் லேப்டாப்பிலேயே செய்து பார்க்கலாம்.

வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஆட்டத்தை, அதாவது நொடிக்கு 50 முறை ஆடுவதை, டச்பேட் சில்லு பெரும்பாலும் சமாளித்துவிடும். அது மெதுவான அலை. தொல்லை தருவது வெட்டும்போது வரும் வேகமான இரைச்சல். அதன் அதிர்வெண் டச்பேடின் துடிப்பு அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் எது விரல், எது இரைச்சல் என்று பிரிக்க முடியாது. நல்ல சில்லுகள் வேறு அதிர்வெண்ணுக்குத் தாவித் தப்பிக்கப் பார்க்கும். விரல் வைக்காதபோது கர்சர் அசையாமல் இருப்பதற்கும் காரணம் இதுவே: இரைச்சலுக்குச் சுற்றை முடித்துக்கொடுப்பது உங்கள் உடம்பு. மலிவான மாற்று சார்ஜர்களில் இது அதிகம்; விலையைக் குறைக்க முதலில் கழற்றி எறிவது இரைச்சல் வடிகட்டியைத்தான்.

சரி, எப்படி உறுதி செய்வது? சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஆட்டம் நின்றால் பாதி பதில் கிடைத்துவிட்டது. மறுபடி செருகி, இடது கையால் லேப்டாப்பின் உலோகப் பகுதியை, உலோக உடம்பு இல்லையென்றால் யூஎஸ்பி துளையின் விளிம்பை, தொட்டுக்கொண்டு வலது கையால் டச்பேடைப் பயன்படுத்துங்கள். கர்சர் சாதுவாகிவிட்டால் சந்தேகமே வேண்டாம். கரையில் நின்ற நீங்கள் படகுக்குள் ஏறிவிட்டீர்கள். இனி இருவரும் சேர்ந்தே ஆடுவதால் வித்தியாசம் தெரியாது. எனக்கு இந்தச் சோதனை செய்த கணமே விஷயம் புரிந்துவிட்டது. அப்புறம் அதே சார்ஜரை வேறு அறையில், நல்ல எர்த் உள்ள பிளக்கில் செருகிப் பார்க்கலாம். சுவர் பிளக்கைக் கழற்றிக் கம்பியைத் தொட்டுப் பார்க்கும் வீரம் மட்டும் வேண்டாம், அதற்கு எலக்ட்ரீஷியன் இருக்கிறார்.

சார்ஜரைப் பிடுங்கியும் ஆட்டம் நிற்கவில்லையா? அப்போது வேறு இடங்களில் தேட வேண்டும். முதலில் பேட்டரி. பல லேப்டாப்புகளில் அது டச்பேடுக்கு நேர் கீழே இருக்கிறது. பழைய லித்தியம் பேட்டரி உள்ளே வாயு சேர்ந்து உப்பினால் டச்பேடை அடியிலிருந்து முட்டும். கிளிக் இறுகும், அல்லது தானாகவே அழுந்தும். லேப்டாப்பை மேஜையில் வைத்தால் ஆடுகிறதா, டச்பேட் ஓரம் மேலெழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அன்றைக்கே அணைத்துவிட்டு பேட்டரியை மாற்றக் கொடுங்கள். குத்துவது, அழுத்துவது கூடவே கூடாது. இந்த ஒரு காரணம்தான் இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது.

மற்றவை சில்லறை விஷயங்கள். வியர்வை உப்பு நீர் என்பதால் அதன் துளியையும் டச்பேட் விரலாக எண்ணும். கடலோர ஊர்களின் சித்திரை மாதத்தில் துணியால் துடைப்பதே பாதி வைத்தியம். லேப்டாப் உயிர்பெறும்போது சில டச்பேடுகள் வெறும் பரப்பின் அளவை மனதில் பதித்துக்கொள்ளும். அப்போது உள்ளங்கை மேலே கிடந்தால் தவறான அளவு பதிந்துவிடும். உள்ளே போகும் ரிப்பன் கேபிள் தளர்ந்திருக்கலாம். டச்பேடை இயக்கும் மென்பொருளான டிரைவர் மேல் சந்தேகம் என்றால், விண்டோஸுக்குப் பதில் வேறு இயங்குதளமான லினக்ஸை யூஎஸ்பியிலிருந்து துவக்கிப் பாருங்கள். அங்கேயும் துள்ளினால் விண்டோஸைத் திட்டிப் பயனில்லை.

என் வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன் சுவர் பிளக்கைச் சோதித்தார். எர்த் நன்றாகவே இருந்தது. அடுத்து, நான் வருடக்கணக்கில் பயன்படுத்திய எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திறந்தார். வெளியே மூன்று முனை பிளக், மூன்று துளை சாக்கெட், எல்லாம் அம்சமாக. உள்ளே வந்த கேபிளில் இரண்டே கம்பிகள். எர்த் துளையின் பித்தளைத் தகடு ஒன்றோடும் சேராமல் பளபளவென்று சும்மா உட்கார்ந்திருந்தது. "இப்படித்தான் சார் நிறைய வருது" என்றார்.

மூன்று கம்பி கேபிள் உள்ள வேறு பெட்டி வாங்கினேன். டெஸ்டர் எரியவில்லை, கர்சர் துள்ளவில்லை. அடுத்த வாரம் சர்வீஸ் கடையிலிருந்து போன் வந்தது. "டச்பேட் வந்துடுச்சு சார், எப்ப கொண்டு வரீங்க?"