ஒரு கிலோ பிஸ்டலும் நடுங்கும் கையும்

ஒலிம்பிக் தரத்திலான 10 மீட்டர் ஏர் பிஸ்டல் ஒன்றை இரும்புப் பிடிப்பானில் அசையாமல் பூட்டி, ஒரே தாளின் மீது ஐந்து முறை சுட்டால், ஐந்து பெல்லட்டுகளும் (சிறு ஈயக் குண்டுகளும்) ஏறத்தாழ ஒரே துளை வழியாகவே வெளியேறும். ஆஸ்திரியாவின் ஸ்டெயர், சுவிட்சர்லாந்தின் மோரினி, ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், இத்தாலியின் பார்தினி என எந்த நிறுவனத்தின் பிஸ்டலைப் பூட்டினாலும் முடிவில் பெரிய வேறுபாடு இராது. ஆயினும், இவற்றுள் ஒன்றைப் பல ஆண்டுகள் விடாமல் பயன்படுத்தும் வீரர், மற்றொன்றைக் கையில் எடுத்ததும் சரிப்படாது என்று திருப்பிக் கொடுத்துவிடுவதுண்டு. குறி தவறாமையில் எல்லாமே சமம் என்றால், இந்த விருப்பு வெறுப்பு எங்கிருந்து வருகிறது? பிஸ்டலைப் பிடித்திருப்பது இரும்புப் பிடிப்பான் அல்ல, நடுங்கும் மனிதக் கை என்பதில்தான் இதற்கான விடை இருக்கிறது.

ஏர் பிஸ்டல் 1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. வீரர் நின்றபடி, ஒரே கையால், மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் இல்லாமல் சுட வேண்டும். பிஸ்டல் 1500 கிராமைத் தாண்டக் கூடாது, 420 மி.மீ. நீளமும் 200 மி.மீ. உயரமும் 50 மி.மீ. அகலமும் கொண்ட ஒரு சோதனைப் பெட்டிக்குள் அது அடங்க வேண்டும். தகுதிச் சுற்றில் 75 நிமிடங்களுக்குள் 60 முறை சுட வேண்டும். இலக்கின் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. மட்டுமே.

பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. அதன் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே பத்துப் புள்ளி கிடைத்துவிடும் என்பதால், பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ. வரை விலகலாம். இந்த 8 மி.மீ. சலுகை, பிழையின் தன்மையைப் பொறுத்துத் தாராளமாகவும் தெரியும், கஞ்சத்தனமாகவும் தெரியும். பிஸ்டல் திசை மாறாமல், கையோடு சேர்ந்து பக்கவாட்டில் 5 மி.மீ. நகர்ந்தால் பெல்லட்டும் 5 மி.மீ. மட்டுமே தள்ளி விழும். அது இன்னமும் பத்துதான். ஆனால் மணிக்கட்டு சற்றே திரும்பிப் பிஸ்டலின் கோணம் மாறிவிட்டால் கணக்கு வேறு. பிஸ்டலின் பின்பக்கம் உள்ள பின்குறியின் பள்ளத்துக்கும் குழல் முனையில் உள்ள முன்குறிக்கும் இடையே ஏறத்தாழ 33 செ.மீ. இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்குறி அந்தப் பள்ளத்தின் நடுவிலிருந்து கால் மில்லிமீட்டர் விலகினாலே, 10 மீட்டர் தொலைவில் அது 8 மி.மீ. விலகலாகப் பெருகிவிடும். கை முழுவதும் ஆடுவதைவிட மணிக்கட்டு நுட்பமாகத் திரும்புவதே ஆபத்தானது என்பதை, இந்த விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் நம்புவதற்கே சில மாதங்கள் ஆகும்.

ஆகவே வீரரின் பார்வை இலக்கின் மீது அல்ல, முன்குறியின் மீதே நிலைக்க வேண்டும். 59.5 மி.மீ. விட்டமுள்ள கரும்பகுதி மங்கலாகத் தெரிந்தால் போதும். பெரும்பாலோர் அதன் நடுவைக் குறிவைப்பதும் இல்லை. கரும்பகுதிக்குக் கீழே உள்ள வெள்ளைப் பரப்பில் முன்குறியை நிறுத்திவிட்டு, பெல்லட் மேலே சென்று நடுவில் படும்படி பின்குறியைத் திருகி வைத்துக்கொள்கிறார்கள். நொடிக்கு 150 மீட்டர் அளவில் செல்லும் பெல்லட் 10 மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பால் 2 செ.மீ.க்குச் சற்று மேலேயே இறங்கிவிடுகிறது. அந்த இறக்கமும் இதே திருகலில் ஈடாகிவிடுகிறது. வயது ஏற ஏற அருகில் உள்ள பொருள்களில் கண்ணைக் குவிப்பது கடினமாகும் என்பதால், கண்ணுக்கு முன்னால் சிறு துளையுள்ள ‘ஐரிஸ்’ தகடு ஒன்றைச் சிலர் பொருத்திக்கொள்வார்கள். துளை குறுகினால் குவிய ஆழம் கூடும். முன்குறியும் இலக்கும் ஓரளவு ஒருசேரத் தெளிவடையும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இத்தகைய கருவிகள் பூண்டு நின்ற தென்கொரியாவின் கிம் யே-ஜியும், சாதாரண மூக்குக் கண்ணாடியோடு நின்ற துருக்கியின் யூசுஃப் திகேச்சும் தத்தம் ஏர் பிஸ்டல் பிரிவுகளில் வெள்ளிப் பதக்கம் வென்றார்கள். சிறப்புக் கருவியா, சாதாரணக் கண்ணாடியா என்று இணையத்தில் நடந்த வேடிக்கைப் பேச்சுகளுக்கு இதற்கு மேல் விடை தேவையில்லை.

இனி எடைக்கு வருவோம். நீட்டிய கையின் நுனியில் ஒரு கிலோ கனம் இருந்தால் தோள் தசை ஓயாமல் வேலை செய்ய வேண்டும். தசை இழைகள் விட்டுவிட்டுச் சுருங்குவதால் நொடிக்குப் பத்து முறை அளவில் ஒரு மென்நடுக்கம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். இதயத் துடிப்பும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. இதை எந்தப் பயிற்சியும் முற்றிலும் நீக்குவதில்லை, குறைக்கத்தான் முடியும். இங்கே பிஸ்டலின் மொத்த எடையைவிட அந்த எடை எங்கே இருக்கிறது என்பதே முக்கியமாகிறது. மணிக்கட்டைச் சுற்றிச் சுழலுவதை எதிர்க்கும் நிலைமத் திருப்புத்திறன், தொலைவின் இருமடியைப் பொறுத்து வளரும். கைக்கு அருகில் உள்ள 20 கிராம் எடையை மும்மடங்கு தொலைவுக்கு, குழலின் முனைப் பக்கம் நகர்த்தினால், அது சுழற்சியை ஒன்பது மடங்கு எதிர்க்கும். இதனால்தான் குழலுக்கு அடியில் சிறு எடைகளை ஏற்றி இறக்கும் வசதியைத் தயாரிப்பாளர்கள் தருகிறார்கள். முன்பாரம் கூடிய பிஸ்டல் நிதானமாக, சோம்பலாக அசையும். முன்குறி துள்ளாமல் மெல்ல மிதக்கும். ஆனால் அதே எடை தோளை விரைவில் களைப்படையச் செய்யும். அறுபதாவது முறை சுடும்போது அந்தக் கடனை வட்டியோடு கட்ட வேண்டி வரும். உயரம் குறைந்தவர்களும் இளம் வயதினரும் குட்டைக் குழல் கொண்ட மாதிரிகளை விரும்புவதற்கு இதுவே காரணம்.

இவை எல்லாவற்றையும்விட வீரர்களின் விருப்பத்தைத் தீர்மானிப்பது ட்ரிகர் என்பேன். ஏர் பிஸ்டலின் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். இதைச் சோதிக்கும் முறை எளிமையானது. குழல் வானத்தைப் பார்க்கும்படி பிஸ்டலை நிமிர்த்திப் பிடித்து, மேசை மேல் இருக்கும் 500 கிராம் எடைக்கல்லின் கொக்கியை ட்ரிகரில் மாட்டி, மெதுவாக மேலே தூக்குவார்கள். கல் மேசையை விட்டு எழும்பிவிட்டால் பிஸ்டல் தேறிவிட்டது. அதற்குள் ட்ரிகர் விடுபட்டுவிட்டால் தேறவில்லை. ஒரு கிலோ பிஸ்டலில் 500 கிராம் என்பது அதன் சொந்த எடையில் பாதி. அந்த விசையை விரல் நேர் பின்னோக்கிக் கொடுக்காமல் சற்றே பக்கவாட்டில் கொடுத்தால், பிஸ்டல் திரும்பிவிடும். கால் மில்லிமீட்டர் கணக்கு உடனே குலைந்துவிடும்.

எனவே ட்ரிகரை இரண்டு கட்டமாக அமைக்கிறார்கள். முதல் கட்டத்தில் அது கொஞ்ச தூரம் தளர்வாக நகர்ந்து, ஒரு சுவரில் மோதியதுபோல் நிற்கும். தேவையான விசையின் பெரும்பகுதியை வீரர் அங்கேயே கொடுத்து முடித்துவிடுகிறார். எஞ்சியிருக்கும் சிறு அழுத்தம் மட்டும், முன்குறி சரியாக நிற்கும்போது கூட்டப்படுகிறது. இயந்திர ட்ரிகரில், தீட்டிய இரு எஃகு விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி விலகும்போது சுத்தி விடுபட்டுக் காற்று வால்வைத் தட்டுகிறது. மின்னணு ட்ரிகரில் விரல் ஒரு சிறு சுவிட்சை மட்டுமே இயக்குகிறது. வால்வைத் திறப்பது மின்காந்தம். விளிம்புகள் உரசித் தேய்வதில்லை என்பதால் ஆயிரமாவது முறையும் முதல் முறைபோலவே இருக்கும் என்பது மின்னணுவை விரும்புவோரின் வாதம். மின்கலமும் சுற்றும் இல்லாததே நிம்மதி என்பது மறுதரப்பின் வாதம். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றின் நடுவே இந்தியாவின் மனு பாக்கருடைய பிஸ்டல் பழுதாகி, அதைச் சரிசெய்வதில் விலைமதிப்பற்ற நிமிடங்கள் கரைந்து, அவர் 12-ஆம் இடத்தோடு வெளியேற நேர்ந்ததை நினைவுகூர்வோருக்கு, கருவியின் நம்பகம் எவ்வளவு முக்கியம் என்பது புரியும். அவரே மூன்று ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார்.

பிடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அக்ரூட் (வால்நட்) மரத்தில் கடைந்த பிடியைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே யாரும் பயன்படுத்துவதில்லை. இடுக்கு விழும் இடத்தில் மரப்பசையைத் தடவி, மேடு தட்டும் இடத்தை அரத்தால் ராவி, மீண்டும் பிடித்துப் பார்த்து, மீண்டும் ராவி, உள்ளங்கையின் ரேகைக்கு ஏற்றபடி மரத்தை மாற்றிக்கொள்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்தி, பிறகு கண்ணைத் திறந்து பார்த்தால் முன்குறி பள்ளத்தின் நடுவிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்யக் கூடாது, பிடியைத்தான் சரிசெய்ய வேண்டும். பழைய காலணிபோல இப்படிப் பழகிய பிடியுள்ள பிஸ்டலை, புதிய மாதிரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எளிதில் கைவிட மனம் வராது.

பெல்லட்டைத் தள்ளும் காற்றின் கதையும் இதே தேடலின் ஒரு பகுதிதான். ஒரு காலத்தில் கனமான சுருள்வில் ஒன்று பிஸ்டனை உந்திக் காற்றை அழுத்தியது. பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே அந்தப் பிஸ்டன் பிஸ்டலைக் குலுக்கிவிடும். ஃபைன்வெர்க்பாவ் 65 என்ற மாதிரி, இயங்குபகுதி முழுவதையும் தண்டவாளம் போன்ற தடத்தின் மீது பின்னோக்கி வழுக்கவிட்டு, அந்தக் குலுக்கல் கைக்கு வராமல் தடுத்தது. அடுத்து வந்த கார்பன் டைஆக்சைடு உருளைகளில் குலுக்கல் இல்லை. ஆனால் அந்த வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 57 பார் அழுத்தம் என்றால், 30 டிகிரியில் அது 72 பார். அழுத்தம் மாறினால் வேகம் மாறும், பெல்லட் விழும் இடமும் மாறும். இன்று 200 பார் வரை நிரப்பிய வெறும் காற்றே பயன்படுகிறது. ஒவ்வொரு முறையும் அதை ஒரே அழுத்தத்துக்குக் குறைத்துக் கொடுக்க ஒரு சீராக்கி இருக்கிறது.

மிஞ்சியிருப்பது நியூட்டனின் விதியால் வரும் பின்னுதைப்பு மட்டுமே. அரை கிராம் பெல்லட் நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் முன்னே போனால், ஒரு கிலோ பிஸ்டல் நொடிக்கு 7.5 செ.மீ. வேகத்தில் பின்னே வரும். பெல்லட் குழலில் இருப்பது சுமார் மூன்று மில்லிநொடி. அதற்குள் பிஸ்டல் நகர்வது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இந்தச் சிறு அசைவையும் விடாமல், பெல்லட்டுக்கு எதிர்த் திசையில் நகரும் ஒரு குட்டி எடையை வைத்து ஸ்டெயர் எல்.பி.10 போன்றவை ஈடுகட்டுகின்றன. இதனால் கூடுதல் புள்ளி கிடைக்கிறதா என்பதைவிட, சுட்ட பின்னும் முன்குறி இருந்த இடத்திலேயே தெரிவதால், பெல்லட் எங்கே பட்டிருக்கும் என்று திரையைப் பார்க்காமலே வீரரால் சொல்ல முடிகிறது என்பதே இதன் பெரிய பயன் என்று தோன்றுகிறது.

25 மீட்டர் பிரிவுக்குப் போனால் நிலைமை தலைகீழ். அங்கே பயன்படும் 5.6 மி.மீ. தோட்டாவின் குண்டு 2.6 கிராம், வேகம் நொடிக்கு 320 மீட்டர் அளவு. உந்தம் பத்து மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் விஜய் குமார் வெள்ளி வென்ற ரேபிட் ஃபயர் (விரைவுச் சுடுதல்) பிரிவில், கடைசிக் கட்டத்தில் ஐந்து இலக்குகளையும் நான்கே நொடிகளில் தலா ஒரு முறை சுட வேண்டும். ட்ரிகர் 1000 கிராம். அதாவது ஏறக்குறைய பிஸ்டலின் எடைக்குச் சமம். இங்கே முதல் குண்டைவிட, அதனால் எழும்பிய குழல் எவ்வளவு விரைவில் இறங்கி அடுத்த இலக்குக்கு நகர்கிறது என்பதே புள்ளிகளைத் தீர்மானிக்கிறது.

குழலின் அச்சு கைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு பெரிய திருப்புவிசை பிஸ்டலை மேல்நோக்கித் திருப்பும். அச்சைத் தாழ்த்திவிட்டால் உதைப்பு நேராகக் கைக்குள் வந்துவிடும். பார்தினி எஸ்.பி. போன்ற பிஸ்டல்களில் குண்டுகளை அடுக்கும் மேகசின் பிடிக்குள் இல்லாமல் ட்ரிகருக்கு முன்னால் இருப்பதை இந்தக் கோணத்தில்தான் பார்க்க வேண்டும்: பிடியின் வடிவத்தையும் சாய்வையும் விருப்பம்போல் அமைக்க முடிகிறது, கை குழலின் அச்சுக்கு அருகே ஏறிக்கொள்கிறது, எடையும் முன்னே போய்விடுகிறது. சட்டத்துக்குள் நகரும் கனமான உலோக எடைகள் உதைப்பைக் கொஞ்சம் நீட்டி, மென்மையாக்குகின்றன. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் சோவியத் அணி இந்தத் தர்க்கத்தை எல்லைவரை கொண்டுபோய், குழல் கையின் மட்டத்துக்கே தாழ்ந்திருக்கும் தலைகீழ் அமைப்புள்ள எம்.டி.எஸ்.-3 பிஸ்டலோடு களமிறங்கியது. அதன் பிறகு அந்த வடிவம் தடைசெய்யப்பட்டது. இன்றைய விதிப்படி, 25 மீட்டர் பிஸ்டலின் குழல் அச்சு, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதைப்பகுதிக்கு மேலாகத்தான் செல்ல வேண்டும். எவ்வளவு மேலே என்று விதி சொல்லவில்லை. ஆகவே ஒவ்வொரு புதிய மாதிரியும் அந்தச் சதையை ஒட்டி இன்னும் சற்றுத் தாழ்ந்தே வருகிறது.