படிவு: ஓடையின் அடியில் தங்குவதற்குரிய சொல்

ஓடைகளில் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் சேர்வதைப் பற்றித் தமிழில் எழுதுவோர், நீர் சுமந்து வந்து அடியில் தங்கும் மண்ணையும் துகளையும் குறிக்கும் ‘செடிமென்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் கசடு, வண்டல், வீழ்படிவு என்று மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். இவ்விடத்துக்கு உரிய சொல் படிவு என்பதே என் உறுதியான கருத்து.

‘செடிமென்ட்’, உட்கார்தல் எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. தமிழின் படிதல் அதே செயலைச் சொல்கிறது. மழை ஓய்ந்ததும் ஓடையில் மொண்ட கலங்கல் நீரைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வைத்தால், மணல் உடனே அடியில் அமர்ந்துவிடும். களிமண் துகளோ மறுநாளும் நீரை மங்கலாகவே வைத்திருக்கும். கன உலோகங்கள் பெரும்பாலும் பற்றிக்கொள்வது கடைசியாகப் படியும் இந்த நுண்துகள்களைத்தான் என்பதால், 63 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்ட துகள்களைச் சலித்தெடுத்துச் சோதிக்கும் வழக்கம் ஆய்வுக்கூடங்களில் உண்டு.

வீழ்படிவு என்பது கரைசலில் கரைந்திருந்த பொருள் வேதிவினையால் திண்மமாகப் பிரிவது. ஆறு சுமந்து வந்த மண்ணுக்கு அது பொருந்தாது. கசடு இன்று கழிவுநீரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வண்டல் அழகிய சொல். சங்கப் பாடல்களில் அது மகளிர் மணலில் ஆடும் விளையாட்டு. ஆனால் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் பரப்பும் உழவருக்கு அது வளத்தின் பெயராயிற்றே! நஞ்சேறிய சேற்றையும் அதே பெயரால் அழைத்தால், எச்சரிக்க வேண்டிய இடத்தில் சொல்லே அவரை ஏமாற்றிவிடும்.

இது வெறும் அச்சம் அன்று. ஜப்பானின் தொயாமா பகுதியில், காமியோகா சுரங்கத்திலிருந்து ஜின்சு ஆற்றில் கலந்த காட்மியம், பாசன நீரோடும் அது சுமந்து வந்த படிவோடும் நெல்வயல்களில் சேர்ந்து, அரிசி வழியே உடலுக்குள் புகுந்தது. எலும்பு நொறுங்கியோர் ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்று கதறியதே ‘இதாய் இதாய்’ என நோயின் பெயராக நின்றது. அந்நோய்க்குக் காட்மியமே காரணம் என்று ஜப்பான் அரசு 1968இல் ஏற்றது. வயல்மண்ணைச் சீர்செய்யும் பணியோ 2012 வரை நீண்டது.

‘கன உலோகம்’ என்பதிலும் கவனம் வேண்டும். ஜெர்மானிய வேதியியலாளர் லியோபோல்ட் குமெலின் 1817இல் உலோகங்களை அடர்த்தியால் பிரித்தபோது எழுந்த கருத்து அது, நஞ்சைக் குறித்ததன்று. லேசான பெரிலியம் கொடிய நஞ்சு. கனமான பிஸ்மத் வயிற்று மருந்தில் சேர்கிறது. பார உலோகம் என்றாலும் பொருள் அதுவே. ‘கடின உலோகம்’ என்பது மட்டும் பிழை: ஈயத்தை நகத்தால் கீறலாம், பாதரசமோ திரவம்.

நீரில் அமிலத்தன்மை கூடினாலோ ஆக்சிஜன் குறைந்தாலோ, படிவு பிடித்து வைத்திருந்த உலோகம் மீண்டும் நீரில் கரையக்கூடும். ஆகவே ஓடையைப் பற்றிய அறிக்கை, நீரில் எவ்வளவு, படிவில் எவ்வளவு என்று தனித்தனியே சொல்ல வேண்டும். முன்னதை லிட்டருக்கு இத்தனை என்றும், பின்னதைக் காய்ந்த எடையில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றும் குறிப்பது முறை.